யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு டேட்டா வேலைக்குப் போறதெண்டா எந்தக் கோர்ஸ்?

போன மாசம் சித்தி கோல் எடுத்து, "பிள்ளை, தம்பிக்கு டேட்டா சயன்ஸ் எண்டொரு கோர்ஸ் இருக்காம், ஆறு மாசமாம், ஒரு லட்சத்து 80,000 ரூபாயாம், கட்டலாமோ?" எண்டு கேட்டா. அது அவ சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. ஓம் கட்டுங்கோ எண்டு சொல்லவும் மனம் வரேல்ல, வேண்டாம் எண்டு சொல்லவும் ஏலாமக் கிடந்துது, ஏனெண்டா பெடியன் ஏலெவல் கொமர்ஸ் எழுதிப்போட்டு றிசல்ட்டைப் பாத்துக்கொண்டு போனும் கையுமா வீட்டில கிடக்கிறான். சரி எண்டு ரெண்டு கிழமையா அங்க இஞ்ச விசாரிச்சு அவனுக்குச் சொன்னதைத்தான் இதில கொஞ்சம் விரிச்சு எழுதிறன். கனபேர் இதே கேள்வியோட திரியினம்.

நானும் கொமர்ஸ்காரிதான். ஒரு பைனான்ஸ் கொம்பனிக் கிளையில காசாளரா இருந்து, 2022 இல அதே கொம்பனியின்ர எம்ஐஎஸ் (மேலிடத்துக்குக் கணக்கு றிப்போர்ட் எடுத்துக் குடுக்கிற பகுதி) பக்கத்துக்கு மாறினனான், இப்ப வீட்டில இருந்துகொண்டே கொழும்புக்கு றிப்போர்ட் எடுத்துக் குடுக்கிறன். எங்கட அம்மம்மாவுக்கு டேட்டா எண்டா போனுக்குப் போடுற டேட்டா தான், "பேத்தி டேட்டா விக்கிற இடத்தில வேலை" எண்டு கோயிலடி முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறா, நானும் திருத்திறதை விட்டிட்டன்.

கோர்ஸைப் பாக்க முதல் வேலை என்னெண்டு பாக்கோணும். டேட்டா எண்டு ஒரே பேரில மூண்டு வேலை ஓடுது. டேட்டா அனலிஸ்ட் எண்டா இருக்கிற தரவை எடுத்துச் சுத்தம் பண்ணி, "இந்த மாசம் ஏன் வசூல் குறைஞ்சது" மாதிரிக் கேள்விக்கு மறுமொழி குடுக்கிற ஆள். டேட்டா இஞ்சினியர் எண்டா அந்தத் தரவு ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்கு உடையாமல் வந்து சேரக் குழாய் போடுற ஆள், அதுக்குப் புரோகிராமிங் நல்லா வேணும். டேட்டா சயன்ரிஸ்ட் எண்டா புள்ளிவிபரவியல், மொடல் எண்டு போற வேலை, அதுக்கு அனேகமா டிகிரி கேப்பினம். நோட்டீஸில பெரிசாப் போட்டிருக்கிறது மூண்டாவது, ஆனா ஆறு மாசக் கோர்ஸ் முடிச்ச பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது முதலாவது தான், அதுவும் அதின்ர அடிப்படி. இதைச் சொன்னவுடன தம்பிக்கு முகம் சுருங்கிட்டுது.

அந்த அடிப்படி வேலை எப்பிடி இருக்கும் எண்டுறதுக்கு ஒரு சாமான் காட்டிறன். "எங்களிட்ட மொத்தம் எத்தினை கஸ்ரமர்?" எண்டு மேல இருந்து ஒரு கேள்வி வருது. லேசு எண்டு நினைப்பீங்கள். பழைய ஐசி (அடையாள அட்டை) நம்பர் 9 இலக்கமும் கடைசியில வி யோ எக்ஸோ ஒரு எழுத்தும். 2016 இல இருந்து வாற புது அட்டை 12 இலக்கம். ஒரே ஆள் 2014 இல பழைய அட்டையோட ஒரு கடன் எடுத்து, 2019 இல புது அட்டையோட இன்னொண்டு எடுத்திருந்தா கொம்பியூட்டருக்கு அது ரெண்டு ஆள். பழைய நம்பருக்கு முன்னால 19 ஐப் போட்டு, பழைய நம்பரின்ர முதல் அஞ்சு இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 ஐச் செருகி, கடைசி எழுத்தை எடுத்து விட்டா புது நம்பர் வரும். அதைச் செய்து பாத்தாத்தான் ரெண்டும் ஒரே ஆள் எண்டு தெரியும். அதுக்குள்ள எக்செல் வேற 12 இலக்கத்தைக் கண்டவுடன தன்ர பாட்டில சுருக்கி, நடுவில ஒரு இங்கிலீஸ் ஈ எழுத்தும் போட்டுக் காட்டும், போன் நம்பரில முன்னுக்கு நிக்கிற 0 ஐத் திண்டுபோடும். நம்பரிலேயே பிறந்த நாளும் இருக்கு, பொம்பிளையள் எண்டா அந்த நாள் எண்ணிக்கையோட 500 கூட்டியிருக்கும், அதால ஆண் எண்டு பதிஞ்சு கிடக்கிற அக்காமாரையும் பிடிக்கலாம். இதுதான் எங்கட நாளாந்த வேலை. ரோபோவும் இல்ல, ஒண்டும் இல்ல.

அதால நான் எந்தக் கோர்ஸையும் ஒரே ஒரு கேள்வியை வைச்சுத்தான் அளந்தனான். பாடம் எல்லா இடத்திலயும் இருக்கு, யூடியூப்பில கொட்டிக் கிடக்கு. நான் செய்த வேலையை ஒரு மனுசர் திறந்து பாத்து, "உது பிழை, ஏன் இப்பிடி வந்தது?" எண்டு கேப்பினமோ?

சித்தி சொன்ன இடத்துக்கு நானும் தம்பியுமாப் போனனாங்கள். டவுனுக்குள்ள, ஏசி போட்ட ரூம், நல்ல கதிரை. பாடத்திட்டத்தைப் பாத்தா முதல் கிழமை எக்செல், நாலாம் கிழமை பைதன் எண்ட புரோகிராமிங் மொழி, பத்தாம் கிழமை டீப் லேர்னிங் எண்ட பெரிய ஏஐ பாடம். எஸ்கியூஎல்லுக்கு, அதான் தரவுத்தளத்தில இருந்து தரவைக் கேட்டு எடுக்கிற மொழிக்கு, ரெண்டே வகுப்பு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா நான் நாள் முழுக்க எழுதிறது எஸ்கியூஎல் தான். போன முறை படிச்ச பிள்ளையளில எத்தினை பேர் வேலைக்குப் போனவை எண்டு கேக்க, அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு "இந்தக் கிழமை கட்டினா 15 வீதம் கழிவு அக்கா" எண்டுது. பயிற்சியை ஆர் திருத்துவினம் எண்டு கேக்க, "சேர் குறூப்பில விடை போடுவார்" எண்டுது.

அதுக்காக ஊரில நடக்கிற வகுப்பெல்லாம் பேய்க்காட்டல் எண்டு சொல்ல வரேல்ல. காலமை எழும்பி வெளிக்கிட்டுப் போற பழக்கம் சில பிள்ளையளுக்குக் கட்டாயம் வேணும். தமிழில சந்தேகம் கேக்கலாம், பக்கத்தில இருந்து படிக்கிற நாலு பேர் பிறகு வேலை இடம் சொல்லுவினம், வீட்டில "சும்மா இருக்கிறான்" எண்ட பேரும் இருக்காது. போறதெண்டா முதல் ஒரு வகுப்பில சும்மா இருந்து பாக்க விடுங்கோ எண்டு கேளுங்கோ, படிப்பிக்கிறவர் உண்மையில எங்கயாவது டேட்டா வேலை செய்தவரோ எண்டு கேளுங்கோ. அரசாங்க வேலை யோசனை இருந்தா, அந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சதோ, குடுக்கிற சான்றிதழ் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) எத்தினையாம் மட்டம் எண்டும் பாருங்கோ. பிரைவேட் கொம்பனியில அந்தப் பேப்பரை ஆரும் திருப்பிப் பாக்கிறேல்ல.

அடுத்தது வீட்டில இருந்து தானாப் படிக்கிறது, நான் வந்த வழியும் அதுதான். கூகிள் டேட்டா அனலிற்றிக்ஸ் சேர்டிபிக்கற் எண்டு கோர்சேரா எண்ட ஒன்லைன் பாடத் தளத்தில 2021 இல வந்தது, வரேக்க எட்டுப் பாடம், கிழமைக்கு 10 மணித்தியாலம் வைச்சா ஆறு மாசத்துக்குள்ள முடிக்கலாம் எண்டு அவையே சொல்லியினம். விரிதாள், எஸ்கியூஎல், தரவை வரைபடமாக் காட்டிற டாப்லோ, ஆர் (R) எண்ட புள்ளிவிபர மொழி. பைதன் பிரதானம் இல்ல, பைதன்தான் வேணும் எண்டா ஐபிஎம் போட்டிருக்கிற டேட்டா அனலிஸ்ட் கோர்ஸ் பொருந்தும். காசு மாசா மாசம். அமெரிக்காவில 49 டொலர் எண்டு வைச்சாங்கள், எங்கட காசுக்குக் கிட்டத்தட்ட 15,000. கவனிக்க வேண்டியது என்னெண்டா மெதுவாப் படிச்சாக் காசு கூடப் போகும், அதால முதல் இலவசமாக் கிடைக்கிறதுகளில கையைப் பழக்கிப்போட்டு, நேரம் கிடைக்கிற ரெண்டு மூண்டு மாசத்தில ஒரேயடியா இருந்து முடிக்கிறது புத்தி. நிதி உதவிக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கு, ஏன் வேணும் எண்டு இங்கிலீசில நாலு பந்தி எழுதி ரெண்டு கிழமையளவில பாத்துக்கொண்டிருந்து, நான் அப்பிடித்தான் எடுத்தனான்.

இலவசம் எண்டா மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஒன்லைனில பைதன் தொடக்கப் பாடம் போட்டிருக்கு, காசில்லாமல். காகிள் இணையத்தளத்தில சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கு, அதுவும் காசில்லை. எஸ்கியூஎல் பழக கூகிளின்ர பிக்குவெறி சாண்ட்பொக்ஸ் இருக்கு, பாங்க் காட் இல்லாமலே திறக்கலாம், காட் இல்லாத எங்கட பிள்ளையளுக்கு இது பெரிய விசயம். தரவை வரைபடமாக் காட்டிற பவர் பிஐ டெஸ்க்டொப்பும் சும்மா இறக்கலாம், ஆனா விண்டோஸில மட்டும்தான் ஓடும், செய்ததை இணையத்தில ஏத்திறதுக்கு ஜிமெயில் ஏலாது, கம்பஸ் மெயிலோ கொம்பனி மெயிலோ வேணும்.

சரி, இவ்வளவு நல்லதெண்டா ஏன் எல்லாரும் இதைச் செய்யக்கூடாது? நான் படிச்ச காலம் 2022 மார்ச், கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலம். வீடியோவைப் போனில இறக்கி வைச்சு, லப்டொப்பை ஒபிசில சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்து, இரவில வேர்க்க வேர்க்க இருந்து முடிச்சனான். சோதினை எல்லாம் 90 க்கு மேல. எஸ்கியூஎல் தெரியும் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு எம்ஐஎஸ்ஸுக்குப் போய் முதல் மாசம் வசூல் றிப்போர்ட் எடுத்தனான். கடன் அட்டவணையையும் பற்றுச்சீட்டு அட்டவணையையும் கஸ்ரமர் நம்பரை வைச்சு இணைச்சிட்டன், கடன் நம்பரை வைக்கேல்ல. ரெண்டு கடன் இருக்கிற ஆளுக்கு அவர் கட்டின ஒவ்வொரு பற்றுச்சீட்டும் ரெண்டு தரம் வந்து விழுந்திட்டுது. ஒரு கிளையில அப்பிடி ரெண்டு கடன் எடுத்த ஆக்கள் கனக்க. அந்தக் கிளையின்ர வசூல் எங்கயோ ஏறி நிண்டுது, கிளை மனேச்சர் கேக் ஓடர் பண்ணிட்டார். பிறகு கணக்குப் பகுதியில இருந்து ஒரு வயசு போன ஐயா கோல் எடுத்து மெதுவா, "பிள்ளை, பாங்கில கிடக்கிற காசை விட உம்மட றிப்போர்ட்டில கூடக் கிடக்கு" எண்டார்.

இந்தப் பிழையை அந்த ஒன்லைன் கோர்ஸ் எனக்கு ஒரு நாளும் காட்டேல்ல, ஏனெண்டா அங்க கேள்விக்கு நாலு விடை இருக்கும், ஒண்டை அமத்தினாச் சரி, இல்லாட்டித் திருப்பி அமத்தலாம். அந்த ஐயா மாதிரி ஒருத்தர் இல்லாமல் தானாப் படிக்கிறதெண்டா கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுறது மாதிரித்தான்.

இன்னொண்டு, காகிளில எல்லாரும் தொடங்கிறது டைட்டானிக் கப்பல் பயணியளின்ர தரவில, 891 வரி, ஆர் தப்பினது ஆர் தப்பேல்ல எண்டு கணிக்கிறது. பழகிறதுக்கு நல்லம். ஆனா அதையே சிவியில போட்டுக்கொண்டு வந்தா இன்ரர்வியூவில கொட்டாவிதான் வரும், எங்களுக்கு வாற சிவியில பாதிக்கு மேல அந்தக் கப்பல் நிக்குது.

கொழும்பில இருந்து சூமில நேரடியா நடத்திற வகுப்புகள் மூண்டாவது வழி. பின்னேரம் நடக்கும், ஒப்படையைத் திருத்திக் குடுக்கிற இடங்கள் இருக்கு, படிப்பிக்கிறவை கொம்பனியளில வேலை செய்யிற ஆக்களா இருந்தா இன்ரேர்ன்சிப்புக்கு ஒரு வாசலும் திறக்கும். என்ர அளவுகோலில இதுதான் காசு குடுத்துப் படிக்கிறதில முன்னுக்கு நிக்குது. குறை என்னெண்டா இங்கிலீஸ் எண்டு சொல்லிப்போட்டு விளக்கம் சிங்களத்துக்குத் தாவும், எங்கட பிள்ளையள் மைக்கை மூடிக்கொண்டு பேசாமல் இருந்திடுவினம். என்ர சிநேகிதி ஒருத்தி அப்பிடியே மூண்டு மாசம் வாய் திறக்காமல் இருந்து முடிச்சவள், காசு தெண்டம். வாய் திறந்து கேக்கிற பிள்ளை எண்டாக் கட்டலாம். நேரில கொழும்புக்கே போய்ப் படிக்கிறதெண்டா வெள்ளவத்தையில ரூம் வாடகை, சாப்பாடு, 400 கிலோமீற்றர் இரவு பஸ், எல்லாம் சேத்தாக் கோர்ஸ் காசைத் தாண்டிடும். வேலை கிடைச்சாப் போங்கோ, கோர்ஸுக்கெண்டு போகாதேங்கோ.

இந்தியாவில இருந்து வாற விளம்பரங்களில வேலைக்கு உத்தரவாதம் எண்டு போட்டிருந்தா, அது இந்தியாவுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு மட்டுமோ எண்டு சின்ன எழுத்தைப் பாருங்கோ. லண்டனில இருக்கிற மாமா "இஞ்ச அரசாங்கமே சும்மா பூட்காம்ப் நடத்துது, அவனைச் சேத்து விடு" எண்டவர். உண்மைதான், ஆனா அது இங்கிலாந்தில வசிக்கிற ஆக்களுக்கு. மாமா சேரலாம்.

டிகிரியைப் பற்றிக் கனக்கச் சொல்ல ஒண்டும் இல்ல. யாழ்ப்பாணக் கம்பஸில கொம்பியூட்டர் சயன்ஸோ, புள்ளிவிபரவியல் உள்ள பாடமோ, வவுனியாக் கம்பஸில ஐரியோ கிடைச்சா எந்தக் கோர்ஸுக்காகவும் அதை விடாதேங்கோ. சயன்ரிஸ்ட் வேலைதான் குறி எண்டா அதுதான் நேர் வழி. கம்பஸ் கிடைக்காட்டிக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர பிஐரி (தகவல் தொழில்நுட்பம்) வெளிவாரிப் பட்டம் இருக்கு, 2000 இல தொடங்கினது, வேலை செய்துகொண்டே படிக்கலாம், கஸ்ரமான சோதினை எண்டபடியால அதுக்கு மதிப்பும் இருக்கு. நேரம் எடுக்கும். அவ்வளவுதான்.

ஆரும் நோட்டீஸ் அடிக்காத வழி ஒண்டு இருக்கு. வடக்கில டேட்டா வேலை டேட்டா எண்ட பேரில வாறேல்ல. என்ஜிஓவில "எம் அண்ட் ஈ அசிஸ்ரன்ட்" எண்டு வரும், கண்காணிப்பும் மதிப்பீடும், கோபோ டூல்பொக்ஸில படிவம் செய்து வீடு வீடாப் போய் எடுத்த தரவைச் சுத்தம் பண்ணி றிப்போர்ட் எழுதிற வேலை. பைனான்ஸ் கொம்பனியில எம்ஐஎஸ் எண்டு வரும். பெரிய கடையளில ஸ்ரொக் எண்டு வரும். சம்பளம் தொடக்கத்தில பெரிசா இராது, ஆனா என்ர கேள்விக்கு மறுமொழி இஞ்சதான் இருக்கு, பிழை விட்டா அண்டைக்கே ஒருத்தர் கோல் எடுப்பார்.

அங்க வாற தரவும் எங்கட ஊருக்கே உரியது. என்ஜிஓ சிநேகிதன் ஒருத்தன் ஒரு பழைய பயனாளியள் பட்டியலைத் திறந்திட்டு என்னட்டக் காட்டினவன், தமிழ் எண்டு இருக்க வேண்டிய இடத்தில ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஆரோ பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது, எழுத்துரு மாறினவுடன இங்கிலீஸ் எழுத்தாக் கொட்டுண்டு கிடக்கு. அதை யூனிக்கோட்டுக்கு மாத்தினாப் பிறகு பாத்தா, இங்கிலீசில அடிச்ச இன்னொரு பட்டியலில சாவகச்சேரி சி எச் இலயும் இருக்கு, எஸ் இலயும் இருக்கு, நடுவில எச் கூடினதும் குறைஞ்சதுமா இன்னும் நாலஞ்சு. ஒரே ஊர் ஆறு ஊரா நிக்குது. கலிபோர்னியாவில இருந்து செய்த எந்தக் கோர்ஸும் இதைப் படிப்பிக்காது. இதைத் தீர்த்த கதை ஒண்டு சிவியில இருந்தா நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைப்பன், கப்பல் ஆளைக் கூப்பிட மாட்டன். ஆனா ஒண்டு, வேலை இடத்துத் தரவைத் தூக்கிக் கொண்டுபோய் இணையத்தில போடாதேங்கோ, ஆக்களின்ர பேரும் ஐசியும் நோயும் விளையாட்டு இல்ல, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு.

சட்ஜிபிடி வந்தாப் பிறகு இதெல்லாம் வேணுமோ எண்டு தம்பியும் கேட்டவன். நானும் நாள் முழுக்கப் பாவிக்கிறன், எஸ்கியூஎல் நிமிசத்தில எழுதித் தரும். ஆனா ரெண்டு கடன் எடுத்த ஆக்கள் இருக்கினம், ஐசி ரெண்டு விதம் எண்டு நான் சொன்னாத்தானே அதுக்குத் தெரியும். சொல்லாட்டி அதுவும் என்னை மாதிரித்தான், கேக் ஓடர் பண்ணவைக்கும்.

கடைசியாச் சித்திக்குச் சொன்னது இதுதான். அந்த ஒரு லட்சத்து 80,000 ஐக் கட்டாதேங்கோ. அதில ஒரு நல்ல செக்கன்ட்ஹான்ட் லப்டொப், ரம் 8 ஜிபியாவது இருக்கோணும், எடுத்துக் குடுங்கோ, மிச்சம் பாங்கில கிடக்கட்டும். முதல் மூண்டு மாசம் எக்செல்லும் எஸ்கியூஎல்லும், எல்லாம் இலவசம். பிறகு விருப்பம் தொடர்ந்து இருந்தாக் கூகிள் கோர்ஸ். ஒவ்வொரு ஞாயிறும் செய்ததை எனக்குக் காட்டோணும், அந்த ஐயா எனக்குச் செய்த வேலையை நான் இவனுக்குச் செய்யிறன். றிசல்ட் வந்து கம்பஸ் கிடைச்சாப் போறான், இல்லாட்டி ஆறாம் மாசம் எம்ஐஎஸ், எம் அண்ட் ஈ எண்டு தேடித் தேடி விண்ணப்பம். உங்கட வீட்டில காட்டிறதுக்கு ஆள் இல்ல, தனிய இருந்தாப் பிள்ளை படிக்கவும் மாட்டுது எண்டா, அப்ப ஒப்படை திருத்திற சூம் வகுப்புக்குத்தான் காசைப் போடுவன், டவுனுக்குள்ள இருக்கிற ஏசி ரூமுக்கு இல்ல.

முதல் வேலையா டைட்டானிக்கைத் தொடாதை, வீட்டில இருக்கிற தரவை எடு எண்டு சொன்னனான். சித்தப்பா உரும்பிராயில வெங்காயம் செய்யிறவர், சுன்னாகம் சந்தைக்குக் குடுத்த விலை எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறார். போன ஞாயிறு தம்பி அதை எக்செல்லில ஏத்தி, நிறம் எல்லாம் அடிச்சு, சராசரியும் எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு கிலோ வெங்காயம் சராசரி 5,200 ரூபா.

நான் ஒண்டும் சொல்லேல்ல. "உது சரியோ எண்டு பார்" எண்டு மட்டும் சொன்னன். 12 வரியை மேலயும் கீழயுமா உருட்டி உருட்டிப் பாத்தான். சித்தப்பா சில நாள் கிலோ விலை எழுதியிருக்கிறார், 300 ரூபா மட்டில, நாலு இடத்தில அந்தர் (கிட்டத்தட்ட 50 கிலோ) விலை எழுதியிருக்கிறார், 15,000 மட்டில. ரெண்டும் ஒரே நிரலில நிக்குது. குசினிக்குள்ள இருந்து சித்தி, "கிலோ 5,200 எண்டா இவர் ஏனப்பா இன்னும் பழைய சைக்கிளில திரியிறார்" எண்டா. தம்பி ஒண்டும் பேசாமல் பக்கத்தில புதுசா ஒரு நிரலைத் திறந்து, தலையில "அலகு" எண்டு அடிச்சான்.